தண்டம் அழுவதற்கு முன்: இங்கிலாந்தில் பார்க்கிங் டிக்கெட்டை எதிர்கொள்ள முழுமையான வழிகாட்டி

எங்கள் ஈழத்துப் பேச்சில் 'தண்டம்' என்றால் குற்றத்துக்குக் கட்டும் பணம். வீணாய்ப் போன பணத்துக்கும் அதே சொல்தான். இரண்டு பொருளும் எனக்கு ஒன்றாக விளங்கியது வட லண்டனில், ஒரு சாமத்திய வீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழாவுக்கு) போன சனிக்கிழமையில். மண்டபத்தின் தரிப்பிடம் நிறைந்துவிட்டதால் பக்கத்துத் தெருவில் காரை விட்டேன். சாப்பிட்டு, படம் எடுத்து, வெற்றிலைப் பையோடு திரும்பி வந்தால், முன்கண்ணாடியில் மஞ்சள் உறை. 130 பவுண்டு. 14 நாட்களுக்குள் கட்டினால் 65.

"கட்டாதே" என்றார் மச்சான். "1689ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து ஒரு கடிதம் போடு. வாயடைத்துப் போவார்கள்." போட்டேன். யாரும் வாயடைத்துப் போகவில்லை. நான் அந்தக் கடிதத்தை ரசித்து ரசித்து எழுதி முடித்தபோது இருபதாவது நாள் ஆகியிருந்தது. அரைவிலைச் சலுகை போய்விட்டது. 130ஐயும் கட்டினேன்.

பிறகு ஆத்திரத்தில் சட்டத்தைப் படித்தேன். சட்டத்தில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை அரசர் காலத்துச் சாசனங்களில் இல்லை, திகதிகளில் இருக்கின்றன. உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுக்கும் தனியார் பார்க்கிங் நிறுவனங்களுக்கும் சட்டம் கெடு வைத்திருக்கிறது, நமக்கும் வைத்திருக்கிறது. யார் முதலில் கெடுவைத் தவறவிடுகிறார் என்பதுதான் விளையாட்டு. கீழே உள்ளவை இங்கிலாந்துக்கு. வேல்சில் பெரும்பாலும் இதே முறைதான்; ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு.

முதல் படி: உறையை அனுப்பியது யார்?

இது தெரியாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். இந்த நாட்டில் பார்க்கிங் டிக்கெட் இரண்டு சாதி, இரண்டுக்கும் சுருக்கப் பெயர் பி.சி.என். என்பது ஒன்றேதான். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கவுன்சில் தருவது தண்டக் கட்டண அறிவித்தல் (Penalty Charge Notice). அதில் கவுன்சிலின் பெயரும், மீறிய விதியின் இலக்கமும் இருக்கும். 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் கீழ், 2008 மார்ச் 31 முதல் இங்கிலாந்தில் நடக்கும் முறை இது. சட்டத்தின் பலம் அதன் பின்னால் நிற்கிறது. கட்டாவிட்டால் முடிவில் கடனுக்குப் பொருளைப் பறிமுதல் செய்யும் பெய்லிஃப் வருவார்.

சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை, கடைத்தொகுதி போன்ற இடங்களில் தனியார் நிறுவனம் தருவது பார்க்கிங் கட்டண அறிவித்தல் (Parking Charge Notice). அது தண்டமே அல்ல. "பலகையில் எழுதியிருந்த நிபந்தனையை ஏற்றுத்தான் காரை விட்டாய், மீறினாய், பணம் கொடு" என்கிற ஒப்பந்தக் கோரிக்கை. கொடுக்காவிட்டால் அவர்கள் கவுண்டி கோர்ட் என்ற சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பொலிஸ் தருவது மூன்றாவது வகை. பார்க்கிங்குக்கு இப்போது அபூர்வம். அது வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதில் எழுதியிருப்பதைச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: காரை எடுப்பதற்கு முன் கமராவை எடுங்கள்

உறையைப் பார்த்ததும் கை நடுங்கும், வாய் ஏதோ சொல்லும், கால் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லும். நில்லுங்கள். நான்கு திசையிலும் படம் எடுங்கள்: சக்கரம் நிற்கும் கோடு, அந்தக் கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும், அருகிலுள்ள பலகை, பலகைக்கும் காருக்கும் உள்ள தூரம். பலகை மரக்கிளைக்குள் ஒளிந்திருந்தால் வாகனம் ஓட்டுபவரின் உயரத்திலிருந்து எடுங்கள். கட்டணச் சீட்டு இருந்தால் அதையும் எடுங்கள். நான் அன்று எடுத்ததெல்லாம் சாமத்தியப் பிள்ளையின் படங்கள்.

பார்க்கிங் கட்டுப்பாட்டு மண்டலம் ஒன்றுக்குள் நுழையும் இடத்தில் பெரிய பலகை ஒன்று நேரத்தைச் சொல்லும். உள்ளே தெருவுக்குத் தெரு அது திரும்ப வராமலும் போகலாம். வெம்பிளி அரங்கில் போட்டியோ இசை நிகழ்ச்சியோ நடக்கும் நாட்களில் சுற்றுவட்டாரத் தெருக்களில் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஈலிங் ரோட்டுக்குச் சேலை வாங்கப் போகிறவர்கள் அரங்கின் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

மூன்றாம் படி: பதினான்கு நாள் கணக்கு

கவுன்சில் டிக்கெட்டை 14 நாட்களுக்குள் கட்டினால் பாதிப் பணம் போதும். லண்டனுக்கு வெளியே பெரும்பாலும் முழுத் தொகை 50 அல்லது 70 பவுண்டு. லண்டனில் 2025 ஏப்ரலிலிருந்து உச்சம் 160. அரைவிலை என்பது கருணை அல்ல, வாயை மூட வைக்கும் உத்தி என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் 80 பவுண்டு வித்தியாசம் வித்தியாசம்தான்.

பலருக்குத் தெரியாதது இது: அந்த 14 நாட்களுக்குள் உங்கள் மறுப்பு கவுன்சிலைச் சேர்ந்துவிட்டால், மறுப்பை நிராகரிக்கும்போது அரைவிலையை மறுபடியும் தரும்படி அரசாங்கத்தின் வழிகாட்டல் சொல்கிறது. பெரும்பாலான கவுன்சில்கள் அப்படியே செய்கின்றன. ஆகவே பதின்மூன்றாம் நாளுக்குள் ஒரு முறை கேட்டுப் பார்ப்பதில் நட்டம் ஏதும் இல்லை. இருபதாம் நாள் கேட்டால் என் கதிதான்.

நான்காம் படி: மச்சான் சொல்லும் ஓட்டைகளை மறந்துவிடுங்கள்

கோயில் மண்டபத்தில், கலியாண வீட்டில், முடி வெட்டும் கடையில் புழங்கும் சட்ட ஆலோசனைகளில் முதலிடம் அந்த 1689க்குத்தான். அந்த ஆண்டின் உரிமைகள் சாசனத்தில் ஒரு வரி உண்மையாகவே இருக்கிறது: ஒருவர் குற்றவாளி என்று தீர்க்கப்படும் முன் அவரிடம் பெறும் தண்டமும் பறிமுதலும் செல்லாது. வார்டன் நீதிபதி அல்ல, ஆகவே அவர் எழுதும் டிக்கெட் செல்லாது என்பது வாதம். கேட்க எவ்வளவு இனிமை!

இந்த நம்பிக்கைக்கு எண்ணெய் ஊற்றியது ஒரு வாழைப்பழ வழக்கு. சண்டர்லேண்டில் ஒரு காய்கறி வியாபாரி கிலோக் கணக்கில் விற்க மறுத்து, பழைய பவுண்டு எடையில் வாழைப்பழம் விற்றதற்காக வழக்கில் மாட்டினார். 2002இல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. ஆனால் அதே தீர்ப்பில், உரிமைகள் சாசனம் போன்ற அரசியலமைப்புத் தன்மையுள்ள சட்டங்களைப் பின்னால் வரும் சாதாரணச் சட்டம் மறைமுகமாக நீக்கிவிட முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். வாழைப்பழக்காரர் தோற்றார், கார்க்காரர்கள் வென்றதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பார்க்கிங் தவறை நாடாளுமன்றம் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே குற்றப் பட்டியலிலிருந்து வெளியே எடுக்கத் தொடங்கிவிட்டது. குற்றமே இல்லாத இடத்தில் 'குற்றவாளி என்று தீர்க்கப்படும் முன்' என்ற பேச்சுக்கு வேலை இல்லை. போதாததற்கு, எதிர்த்து முறையிட ஒரு தீர்ப்பாயமும் இருக்கிறது. 2006இல் இந்த வாதம் உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. அதற்குப் பிறகும் மச்சான்மார் ஓயவில்லை.

அடுத்தது மஞ்சள் கோட்டின் முனை. கோடு முடியும் இடத்தில் குறுக்கே ஒரு சிறு கோடு இருக்க வேண்டும். அது அழிந்திருந்தால் டிக்கெட் செல்லாது என்பார்கள். ஒரு காலத்தில் இது ஓரளவு எடுபட்டது. 2011இல் மறுபடி சண்டர்லேண்டிலிருந்தே ஒரு வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. (வழக்குப் போட்டவர் அந்த வாழைப்பழப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.) கோட்டிலோ பலகையிலோ சில்லறைக் குறைகள் இருந்தாலும், ஓட்டுநருக்கு விதி தெளிவாக விளங்கியிருந்தால் டிக்கெட் நிற்கும் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே "கோட்டின் முனை இல்லை" என்று எழுதாதீர்கள். "இந்தக் குறையால் எனக்கு விதி விளங்கவில்லை" என்று எழுத முடிந்தால், படத்தோடு எழுதுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவசர விளக்குகள் நான்கையும் போட்டுவிட்டுப் போனால் விலக்கு இல்லை. மனைவி உள்ளே உட்கார்ந்திருந்தால் விலக்கு இல்லை. டிக்கெட்டைக் கண்ணாடியில் ஒட்டுவதற்குள் வண்டியை எடுத்துவிட்டால் தப்பித்தோம் என்பது பொய், தபாலில் வரும். காரின் நிறத்தைத் தவறாக எழுதியிருந்தால் டிக்கெட் கிழிந்துவிடாது. "கவுன்சில் ஒரு கம்பனி, நான் அதனோடு ஒப்பந்தம் செய்யவில்லை", "பெரிய எழுத்தில் எழுதிய பெயர் என் பெயர் அல்ல" என்று எழுதிக் கொடுக்கும் பேர்வழிகளிடம் காசு கொடுத்து மாதிரிக் கடிதம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தண்டம் இரண்டு.

ஐந்தாம் படி: உண்மையில் எடுபடும் காரணங்கள்

2006இல் பார்னெட் கவுன்சிலின் டிக்கெட்டுகளில் தவறு நடந்த திகதி இருந்தது, அறிவித்தல் கொடுத்த திகதி தனியாக இல்லை. இரண்டும் ஒரே நாள்தானே என்றது கவுன்சில். சட்டம் இரண்டையும் கேட்கிறது, ஒன்று இல்லாத தாளைக் காட்டிப் பணம் கேட்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். உண்மையான ஓட்டை என்றால் இதுதான். அந்த ஓட்டையைக் கவுன்சில்கள் உடனே அடைத்துவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; ஊரறிந்த ஓட்டை ஓட்டையாக நீடிப்பதில்லை.

இன்று கையில் எடுக்கக்கூடியவற்றில் முதலாவது பத்து நிமிடம். கட்டணம் செலுத்திய இடத்திலோ, நேர வரம்போடு இலவசமாக விட அனுமதித்த இடத்திலோ, நேரம் முடிந்த பிறகு பத்து நிமிடம் கழியாமல் கவுன்சில் டிக்கெட் எழுதக் கூடாது. 2015 ஏப்ரலிலிருந்து இது சட்டம், வார்டனின் பெருந்தன்மை அல்ல. ஆனால் இரட்டை மஞ்சள் கோட்டில் இந்தப் பத்து நிமிடம் கிடையாது. வந்தவுடன் காசு போடாமல் சில்லறை தேடிப் போனதற்கும் கிடையாது.

அடுத்தது சாமான் ஏற்றி இறக்குவது. மஞ்சள் கோட்டில் சாமான் இறக்கப் பல இடங்களில் அனுமதி உண்டு, நடைபாதையின் ஓரக் கல்லில் குறுக்குக் கோடுகள் இல்லாதவரை. கடை வைத்திருப்பவர்களுக்கும் பந்தல், அலங்காரச் சாமான் கொண்டு போகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. அரிசி மூட்டைக்கான பற்றுச்சீட்டு, நேரம் தெரியும் விநியோகச் சீட்டு, வாங்கியவரின் இரண்டு வரிக் கடிதம் ஆகியவை வேண்டும். வெறுமனே "சாமான் இறக்கினேன்" என்றால் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை உள்ளவர்கள் இங்கிலாந்தில் மஞ்சள் கோட்டில், ஏற்றி இறக்கத் தடை இல்லாத இடமானால், மூன்று மணி நேரம்வரை நிறுத்தலாம். வந்த நேரத்தைக் காட்டும் கடிகார அட்டையையும் வைக்க வேண்டும். மத்திய லண்டனின் சில பகுதிகளில், உதாரணமாக வெஸ்ட்மின்ஸ்டரில், இந்தச் சலுகை அப்படியே பொருந்தாது. அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போகும் பிள்ளைகள் இதை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

இவை தவிர, காரை விற்றுவிட்டேன், கார் களவு போயிருந்தது, கேட்ட தொகை சட்டம் அனுமதித்ததைவிட அதிகம், கவுன்சில் நடைமுறையில் பிழை விட்டது என்பன சட்டம் ஏற்கும் காரணங்கள். எதிலும் அடங்காத, மனம் இரங்க வேண்டிய சூழ்நிலையையும் சொல்லலாம். வழியில் நெஞ்சுவலி வந்தவருக்கு மருத்துவமனைக் கடிதம் இருக்கும். அதை இணையுங்கள். "நான் இருபது வருடமாக வரி கட்டுகிறேன்" என்பது காரணம் அல்ல.

ஆறாம் படி: கவுன்சிலோடு கடிதப் போர்

கண்ணாடியில் ஒட்டிய டிக்கெட்டானால், முதலில் முறைசாரா மறுப்பு. கட்டாமலும் அவர்கள் மறுப்பை ஏற்காமலும் 28 நாள் கடந்தால் உரிமையாளருக்கான அறிவித்தல் தபாலில் வரும். கமரா பிடித்துத் தபாலிலேயே முதலில் வரும் டிக்கெட்டுக்கு முறைசாராக் கட்டம் கிடையாது. அந்தத் தாளே உரிமையாளருக்கான அறிவித்தலும் ஆகும்.

அது கிடைத்த 28 நாட்களுக்குள் முறையான ஆட்சேபம் எழுத வேண்டும். இங்கேதான் கவுன்சிலுக்கும் கெடு இருக்கிறது: உங்கள் ஆட்சேபம் போய்ச் சேர்ந்து 56 நாட்களுக்குள் அவர்கள் பதில் தராவிட்டால் நீங்கள் வென்றதாகவே பொருள். ஆகவே எழுதிய திகதிக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அனுப்பினால் திரையைப் படம் எடுங்கள். தபாலில் அனுப்பினால் தபாலகத்தில் இலவசமாகத் தரும் அனுப்பியதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

நிராகரித்தால் 28 நாட்களுக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். லண்டனுக்கு லண்டன் தீர்ப்பாயங்கள், மற்ற இடங்களுக்குப் போக்குவரத்துத் தண்டத் தீர்ப்பாயம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம், தொலைபேசியிலேயே விசாரணை முடிந்துவிடலாம். முரட்டுத்தனமாகவோ வீம்புக்காகவோ வழக்காடினால் அல்லாமல் செலவுத் தொகை உங்கள் தலையில் விழாது. இழப்பது அரைவிலையை மட்டும். ஆட்களை நியமித்து ஆவணம் திரட்ட மனமில்லாமல் கவுன்சில் இந்தக் கட்டத்தில் பின்வாங்குவதும் உண்டு. என்னைக் கேட்டால், நல்ல படம் ஒன்று கையில் இருப்பவர் இதுவரை வந்துவிட்டு இங்கே நின்றுவிடக் கூடாது.

எதுவும் செய்யாமல் இருந்தால் கட்டணச் சான்றிதழ் வரும், தொகை பாதி மடங்கு கூடும்: 160 பவுண்டு 240 ஆகும். அதற்குப் பிறகு நார்தாம்ப்டன். அங்கே உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடன் பதிவாகும், பிறகு பெய்லிஃப் கட்டணங்கள். தனியார் நிறுவனங்களின் கோர்ட்டுக் கடிதங்களும் பெரும்பாலும் அதே ஊரிலிருந்துதான் வருகின்றன. சுற்றிப் பார்க்க ஒருவரும் போகாத ஊர். விலாசம் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஏழாம் படி: தனியார் டிக்கெட், அதாவது 'குப்பையில் போடு' என்ற பழைய ஞானம்

எங்கள் சித்தப்பா தனியார் நிறுவனக் கடிதங்களை உடைக்காமலே குப்பையில் போடுவார். 2012க்கு முன் அதில் நியாயம் இருந்தது. காரை ஓட்டியது யார் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. காரின் பதிவுப் புத்தகமான லாக் புக்கில் பெயர் உள்ளவரிடம் பணம் கேட்க வழி இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது, பதிலுக்கு லாக் புக்கில் பெயர் உள்ளவரைத் துரத்தும் உரிமையை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. சித்தப்பாவுக்கு முதல் பாதி மட்டுமே காதில் விழுந்தது.

'நட்டத்துக்கு மேல் கேட்பது தண்டம், தனியாருக்குத் தண்டம் விதிக்க அதிகாரம் இல்லை' என்பது அடுத்த பழைய ஓட்டை. அதை 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அடைத்தது. செம்ஸ்ஃபர்டில் ஒரு கடைத்தொகுதியில் இரண்டு மணி நேரம் இலவசம். 56 நிமிடம் கூடுதலாக நின்ற ஒருவரிடம் 'பார்க்கிங் ஐ' (ParkingEye) என்ற நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. மீன்பொரியல் கடைக்காரரான பாரி பீவிஸ் ஏழு நீதிபதிகள்வரை கொண்டு போனார். ஆறு பேர் நிறுவனத்தின் பக்கம். பலகை பெரிதாக, தெளிவாக இருந்தது, இடத்தை ஒழுங்காக வைத்திருப்பதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை உண்டு என்றார்கள். கவனியுங்கள்: பலகை பெரிதாக, தெளிவாக இருந்தது. உங்கள் பலகை அப்படி இல்லாவிட்டால் அதே தீர்ப்பு உங்களுக்கு ஆயுதம்.

இப்போது திகதிக்கு வருகிறேன். கண்ணாடியில் ஒன்றும் ஒட்டாமல் கமரா பிடித்த டிக்கெட்டானால், லாக் புக்கில் பெயர் உள்ளவரைத் துரத்த வேண்டுமென்றால் அறிவித்தல் 14 நாட்களுக்குள் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும். தரித்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தபாலில் போட்ட நாளைப் பார்க்காதீர்கள். போட்ட பிறகு வரும் இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகச் சட்டம் கருதுகிறது. சனி, ஞாயிறு எண்ணப்படாது. பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமையாக இருந்து அன்று தபாலில் போட்டால், செவ்வாய்க்கிழமை பதினாறாம் நாள். பிந்திவிட்டது. கண்ணாடியில் ஒட்டிய டிக்கெட்டானால், 28 நாள் முடிந்த பிறகு அடுத்த 28 நாட்களுக்குள் அறிவித்தல் வர வேண்டும்.

பிந்தினால் அவர்களுக்கு எஞ்சுவது ஓட்டுநர் மட்டும். ஓட்டுநர் யார் என்று சொல்ல உங்களுக்குக் கடமை இல்லை. ஆனால் நம்மவர்கள் முதல் கடிதத்திலேயே "நான் கடைக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டேன்" என்று எழுதித் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். "பதிவில் பெயர் உள்ளவர் என்ற முறையில் எழுதுகிறேன். அறிவித்தல் உரிய காலத்தில் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். பொய் வேண்டாம், வேண்டாத உண்மையும் வேண்டாம். வேகக் கமராவுக்கு இந்தத் தந்திரத்தைக் கொண்டு போய்விடாதீர்கள். பொலிஸ் கேட்டால் ஓட்டுநரைச் சொல்லாமல் இருப்பதே குற்றம். கவுன்சில் டிக்கெட்டிலும் உதவாது, அங்கே உரிமையாளர்தான் பொறுப்பு.

விமான நிலையம், ரயில் நிலையம் போன்று தனித் துணை விதிகள் ஆளும் நிலங்களில் பதிவில் பெயர் உள்ளவரைத் துரத்தும் உரிமை பொதுவாக இல்லை. ஆனால் ரயில் நிலையத்தில் துணை விதியை மீறியதாகவே தாள் வந்தால் அது வேறு விவகாரம், அலட்சியம் வேண்டாம்.

மறுப்பை முதலில் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். நிராகரித்தால், பார்க்கிங் நிறுவனங்களின் இரண்டு சங்கங்களில் அது எதன் உறுப்பினர் என்று பார்த்து, பொப்லா அல்லது ஐ.ஏ.எஸ். (கலெக்டர் அல்ல) என்ற மேன்முறையீட்டு அமைப்புக்கு முறையிடலாம். பொப்லா இலவசம், அங்கே தோற்றாலும் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். இரு சங்கங்களும் 2024இல் கொண்டுவந்த பொது நடத்தைக் கோவைப்படி பொதுவாக உச்சத் தொகை 100 பவுண்டு, 14 நாட்களுக்குள் 60, நேரம் முடிந்த பின் பத்து நிமிடச் சலுகை.

கட்டாவிட்டால் கடன் வசூல் நிறுவனங்களின் சிவப்பு எழுத்துக் கடிதங்கள் வரும். அவர்கள் பெய்லிஃப் அல்லர், வீட்டுக் கதவைத் தட்டி எதையும் எடுத்துப் போக முடியாது. அந்தக் கடிதங்களை ஒரு கோப்பில் போடுங்கள், பதில் வேண்டாம். இரண்டு கடிதங்களை மட்டும் தவறவிடக் கூடாது: வழக்குக்கு முந்தைய கடிதம், அதற்குப் பதில் சொல்ல 30 நாள் தருவார்கள், கவுண்டி கோர்ட்டின் கோரிக்கைப் படிவம், அதற்கு 14 நாள். கிடைத்ததை ஒப்புக்கொண்டு தெரிவித்தால் இன்னும் 14 நாள் கிடைக்கும். சித்தப்பா இவற்றையும் குப்பையில் போட்டார். கேட்பார் இல்லாமல் தீர்ப்பு வந்தது. ஒரு மாதத்துக்குள் கட்டினால் நீதிமன்றத் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆறு ஆண்டுகள் கிடக்கும். வீட்டுக் கடனை மாற்றப் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது.

எட்டாம் படி: லாக் புக்

இதை முதலாம் படியாகவே வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன எல்லாத் தாள்களும் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.யின் பதிவில் உள்ள விலாசத்துக்குத்தான் போகின்றன. வீடு மாறிச் சாரதி உரிமத்தை மாற்றியவர்கள் லாக் புக்கை மாற்ற மறந்துவிடுகிறார்கள். அவை இரண்டும் வெவ்வேறு பதிவுகள். மாற்றுவதற்குக் காசு இல்லை, மாற்றாவிட்டால் 1,000 பவுண்டுவரை தண்டம் உண்டு.

பழைய வீட்டுக்குக் கடிதங்கள் போய், கவுன்சில் டிக்கெட்டுக்காகப் பெய்லிஃப் வாசலில் நிற்கும் நிலை வந்துவிட்டதா? அவரோடு வாதாட வேண்டாம், கதவையும் திறக்க வேண்டாம். நார்தாம்ப்டன் மையத்துக்கு டி.இ.7, டி.இ.9 என்ற இரண்டு படிவங்களை அனுப்புங்கள். முதலாவது, காலம் கடந்து வருவதற்கான காரணம். இரண்டாவது, உரிமையாளருக்கான அறிவித்தல் கிடைக்கவே இல்லை என்ற சாட்சி அறிக்கை. அனுப்பியதும் பெய்லிஃப் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பி, மையத்தின் முடிவு வரும்வரை நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டால் பெய்லிஃப் கட்டணங்கள் விழுந்துவிடும், கவுன்சில் விரும்பினால் உரிமையாளருக்கான அறிவித்தலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், இந்த முறை உங்கள் புதிய விலாசத்துக்கு.